மணல், உப்பு, இரும்புத்தூள்: கலந்ததைப் பிரிப்பதும் சேர்ந்ததைப் பிரிப்பதும்

தண்ணீரில் கரைந்த உப்பு சேர்மமா, கலவையா என்று கேட்டால் பலர் தடுமாறுவார்கள். கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துவிட்டதே, அப்புறம் எப்படிக் கலவை என்பதுதான் குழப்பம். வரையறையை விட்டுவிட்டு இரண்டு சோதனைகளைச் செய்து பாருங்கள். முதலாவதற்கு ஒன்றிரண்டு நாள் பிடிக்கும், இரண்டாவதற்கு ஒரு மணி நேரம் போதும்.

எடுத்து வைக்க வேண்டியவை

கழுவிக் காயவைத்த மணல் 50 கிராம், தூள் உப்பு 20 கிராம், இரும்புத்தூள் 10 கிராம், தண்ணீர் 175 மில்லி, வடிதாள், புனல், அகலமான எவர்சில்வர் தட்டு, காந்தம். தராசு 0.1 கிராம் வரை காட்ட வேண்டும். ஒரு கிராமுக்குக் கீழே காட்டாத சமையலறைத் தராசு இதற்கு உதவாது.

இரும்புத்தூளுக்கு பிரேக் டிரம் கடைகிற லேத் பட்டறையில் கேளுங்கள். வார்ப்பிரும்பைப் பெரும்பாலும் எண்ணெய் விடாமல் கடைவார்கள், தூள் பொலபொலவென்று உலர்ந்து கிடைக்கும். எஃகுச் சுருள் கொடுத்தால் வாங்காதீர்கள். அதன் எண்ணெய்ப் பிசுக்கில் மணல் ஒட்டிக்கொண்டு பிரியாது. பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரும் வேண்டாம், பல வகைகளைக் காந்தம் ஒழுங்காக இழுப்பதில்லை. (வார்ப்பிரும்பிலும் ஏறக்குறைய 3 சதவீதம் கார்பன் உண்டு, சுத்தமான தனிமம் அல்ல. இந்தச் சோதனைக்கு அது போதும்.)

காந்தம் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றியதாக இருந்தால் நல்லது. நியோடிமியம் காந்தம் வெறிகொண்டு இழுக்கும், இரும்போடு மணலையும் கவ்விக்கொண்டு வரும்.

தண்ணீரில்தான் மதுரைக்காரர்கள் ஏமாறுவார்கள். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். லிட்டருக்கு 2 கிராம் உப்பு கரைந்திருக்கிற தண்ணீர் என்றால், 175 மில்லியிலிருந்து 0.35 கிராம் கூடுதலாக வந்து தட்டில் படியும். கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: கலப்பதற்கு முன்பே மணலில் காந்தத்தை ஓட்டுங்கள்

இதைச் செய்யாவிட்டால் கடைசியில் 10 கிராம் இரும்பு போட்டு 11 கிராம் எடுப்பீர்கள். ஆற்று மணலில் கருப்பாக ஒரு பொடி உண்டு, வைகை மணலைப் பரப்பினால் வரிவரியாகத் தெரியும். காந்தத்தில் அது முள்ளம்பன்றி போல ஒட்டிக்கொண்டு நிற்கும். உடனே 'இரும்பு' என்று எழுதிவிடக் கூடாது. அது பெரும்பாலும் மேக்னடைட், இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த சேர்மம். காந்தம் இழுப்பதெல்லாம் தனிம இரும்பு அல்ல. அந்தப் பொடியை ஒரு தாளில் மடித்துத் தனியே வையுங்கள், பிறகு வேலை இருக்கிறது.

படி 2: கலந்து, உலர்வாகவே இரும்பை எடுங்கள்

மூன்றையும் கலக்குங்கள். சூடு வராது, நிறம் மாறாது, ஒவ்வொன்றும் தன் குணத்தோடு அப்படியே இருக்கும். காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, பரப்பிய கலவையின் மேல் மெதுவாக இழுங்கள். கவரோடு தாளின் மேல் கொண்டுபோய்க் காந்தத்தை மட்டும் உருவினால் தூள் பொத்தென்று விழும். கவர் இல்லாமல் செய்தால், காந்தத்திலிருந்து தூளைச் சுரண்டி எடுப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். நாலைந்து முறை பரப்பிப் பரப்பி இழுக்க வேண்டும்.

வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். முதலில் தண்ணீர் ஊற்றிவிட்டு, அப்புறம் இரும்பை எடுக்கலாம் என்று ராத்திரி விட்டுவைத்தால் காலையில் துரு பூத்திருக்கும். உப்புத் தண்ணீர் துருவை விரைவுபடுத்தும். துரு ஒரு சேர்மம். இனி எந்தக் காந்தத்தாலும் வடிதாளாலும் அதிலிருந்து இரும்பை மீட்க முடியாது. உப்பும் பழுப்பேறிப் போகும்.

படி 3: கரைத்து வடித்தல்

100 மில்லி தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். அறை வெப்பத்தில் இவ்வளவு தண்ணீர் ஏறக்குறைய 36 கிராம் உப்பைத் தாங்கும், ஆகவே 20 கிராம் முழுதும் கரையும். சூடாக்கினாலும் இந்த அளவு பெரிதாகக் கூடுவதில்லை.

வடித்ததும் வேலை முடிந்தது என்று மணலைக் கொட்டிவிடுவதுதான் வழக்கமான தவறு. ஈர மணலுக்குள் சுமார் 15 மில்லி உப்புத் தண்ணீர் நிற்கும். அதாவது 3 கிராம் உப்பு மணலோடு போய்விடும், போட்டதில் ஏழில் ஒரு பங்கு. ஆகவே மணலைக் கழுவ வேண்டும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. 25 மில்லி ஊற்றி முழுக்க வடியவிட்டால் தங்குவது 1.1 கிராம். இரண்டாவது 25 மில்லியில் 0.4 கிராம். மூன்றாவதில் 0.2 கிராமுக்கும் கீழே. அதே 75 மில்லியை ஒரே மூச்சில் ஊற்றினால் அரை கிராம் உள்ளேயே நிற்கும். கழுவிய தண்ணீரையும் முதல் வடிநீரோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: வற்றவைத்தல்

அடுப்பை விட மொட்டை மாடியே மேல். தட்டில் ஊற்றி, மேலே மெல்லிய துணி கட்டி வெயிலில் வையுங்கள். சித்திரை வெயிலுக்கு ஒன்றிரண்டு நாளில் சதுரம் சதுரமாகப் படிகம் கட்டும். அடுப்பில் வைப்பவர்கள் சிறுதீயில் வைத்து, குழம்புப் பதம் வந்ததும் அணைத்துவிடுங்கள். அதற்கு மேல் போனால் உப்பு படபடவென்று தெறிக்கும், எடையும் போகும், கண்ணிலும் படும்.

19.5 கிராமுக்கு மேல் கிடைத்தால் கை சுத்தம்.

கரைந்த உப்பு உப்பாகவே திரும்பி வந்துவிட்டது, ஆகவே உப்புத் தண்ணீர் கலவைதான். கலவைக்கு விகிதக் கட்டாயம் இல்லை. ஜிகர்தண்டாவில் கடல்பாசி கூடினாலும் குறைந்தாலும் அது ஜிகர்தண்டாதான். உப்பு அப்படியல்ல, அது சேர்மம். தூத்துக்குடி உப்பானாலும் மரக்காணம் உப்பானாலும், சோடியம் குளோரைடு என்றால் எடையில் 39.3 சதவீதம் சோடியம், மீதி குளோரின். அதை மாற்றினால் அது வேறு பொருள்.

இரண்டாவது சோதனை: மயில்துத்தத்திலிருந்து செம்பு

நாட்டு மருந்துக் கடையிலோ உரக்கடையிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட், செம்பு அடங்கிய சேர்மம்) கிடைக்கும். இது விஷம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சமையல் பாத்திரத்தைத் தொடாதீர்கள், கண்ணாடிக் குவளையில் செய்யுங்கள்.

5 கிராமை 100 மில்லி தண்ணீரில் கரையுங்கள். நீலம் தெரியும், செம்பு தெரியாது. காந்தம், வடிதாள், வெயில் எதைக் கொண்டு வந்தாலும் செம்பு தனியே வராது. இப்போது ஒரு இரண்டங்குல ஆணியை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்துப் போடுங்கள். தேய்ப்பதில் சோம்பல் வேண்டாம், புது ஆணியின் எண்ணெய்ப் பூச்சு இருந்தால் ஒன்றுமே நடக்காது. துத்தநாகம் பூசிய ஆணி என்றால் செம்பு கருத்த சேறு போலப் படியும். சரியான ஆணியில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் செங்கல் நிறத்தில் செம்பு ஏறும்.

இரும்பு செம்பைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. நீலம் மங்கிப் பச்சையாவது அன்னபேதி (இரும்பு சல்பேட்) உண்டாவதால். 5 கிராம் மயில்துத்தத்தில் இருக்கிற செம்பு 1.27 கிராம். அதை முழுக்க வெளியேற்ற 1.1 கிராம் இரும்பு கரைய வேண்டும்.

படி 1-இல் மடித்து வைத்த கரும்பொடியை இன்னொரு குவளையில் இதே கரைசலில் போட்டுப் பாருங்கள். செம்பு படியாது. காந்தத்துக்குத் தெரியாத வித்தியாசம் மயில்துத்தத்துக்குத் தெரியும்.

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக்கு அடிக்கும் பூஞ்சைக்கொல்லியான போர்டோ கலவையிலும் இதே சோதனைதான். 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர் கலந்தபின் தீட்டிய கத்தியை நனைத்துப் பார்ப்பார்கள். கத்தியில் செம்பு ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை, அப்படியே அடித்தால் இலை கருகும். பெயர்தான் கலவை, உள்ளே நடப்பது வேதிவினை.

மிச்சக் கரைசலைச் செடிக்கோ சாக்கடைக்கோ ஊற்றாதீர்கள். 2 கிராம் இரும்புத்தூள் போட்டு, நீலம் முழுதும் போகும்வரை அவ்வப்போது கலக்கி, தெளிந்ததை நிறையத் தண்ணீர் விட்டு நீர்த்துக் கொட்டுங்கள். அடியில் நிற்கும் தூளைத் தாளில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

பின்சேர்க்கை

எம்-சாண்டில் செய்தவர்களுக்கு வடிநீர் பால் போலக் கலங்கி வருகிறது. அது பாறைத் தூசி, வடிதாளின் துளையையும் அடைத்துவிடும். வாளியில் நாலைந்து தண்ணீர் மாற்றி அலசி, தெளிந்தபின் காயவைத்து எடையிடுங்கள்.

20 கிராம் உப்பு போட்டு 21.5 கிராம் வந்தால் அது ஈரம். இளஞ்சூட்டில் வைத்து எடுத்து, ஆறியதும் எடை போட்டு, இரண்டு முறை அடுத்தடுத்து ஒரே எடை காட்டும்வரை திரும்பச் செய்யுங்கள்.