தோற்ற இருளரசனைத் திரும்பக் கொண்டுவருவது எப்படி?

ஃபேண்டஸி எழுதும் நண்பர்கள் தங்கள் கதையைப் படித்துப் பார்க்கச் சொல்லி அனுப்பும்போது, இரண்டாம் பாகத்தில் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான். முதல் பாகத்தில் செத்த இருளரசன், அதாவது கதையின் பெரிய வில்லன், எப்படித் திரும்பி வருகிறான்? "அவன் உண்மையில் சாகவே இல்லை" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். இது போதாது. அவனை வீழ்த்த உயிரைக் கொடுத்தவர்கள் அத்தனை பேரையும் அந்த ஒரு வரி வீணாக்கிவிடுகிறது. வாசகர் தன் காதில் பூச்சுற்றிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்.

அவன் தோற்றதும் நிஜமாக இருக்க வேண்டும், திரும்புவதும் நிஜமாக இருக்க வேண்டும். அதற்கு, எழுத உட்காரும் முன்பே ஒரு கேள்விக்கு விடை கண்டுபிடித்துவிடுங்கள்: அவனிடம் தோற்காத பகுதி எது, அது இப்போது யார் கையில் இருக்கிறது? வென்றவர்களின் கையில் இருந்தால் உங்கள் கதைக்கு உயிர் வந்துவிட்டது.

ஏழு கடல் ஏழு மலை தாண்டி ஒரு குகை, குகைக்குள் கூண்டு, கூண்டுக்குள் கிளி, கிளிக்குள் மந்திரவாதியின் உயிர். நாம் கேட்டு வளர்ந்த கதை இது. ரஷ்ய நாட்டுப்புறக் கதையின் கோஷேய்க்கும் இப்படித்தான்: அவன் சாவு ஓர் ஊசி முனையில், ஊசி முட்டைக்குள், முட்டை வாத்துக்குள், வாத்து முயலுக்குள். அருமையான கட்டுமானம்தான். ஆனால் உயிர் தொலைவில் இருப்பதால் நாயகனுக்கு மிஞ்சுவது பயணம் மட்டுமே. 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் அந்தத் தொலைவை அழித்தார். அவருடைய இருளரசன் சௌரான் தன் பலத்தையெல்லாம் ஒரு மோதிரத்துக்குள் வைத்திருந்தான். போரில் அவன் கையிலிருந்து அதை வெட்டியெடுத்த இளவரசன் இசில்தூர் அதை அங்கேயே நெருப்பில் போட்டிருக்கலாம். கூட இருந்தவர்களும் அதைத்தான் சொன்னார்கள். போரில் இறந்த தந்தைக்கும் தம்பிக்கும் ஈடாக இதை நான் வைத்துக்கொள்கிறேன் என்றான் அவன். இருளரசனைப் பிழைக்க வைத்தது வென்றவனின் துக்கம். இதைவிட வலுவான காரணத்தை நான் படித்ததில்லை.

நம் புராணங்களிலும் எடுத்துக்கொள்ள நிறைய உண்டு. ரத்தபீஜன் என்ற அசுரனின் குருதி சிந்தும் இடமெல்லாம் இன்னொரு ரத்தபீஜன் எழுகிறான்; அவனைத் தாக்கும் ஆயுதமே அவனைப் பெருக்குகிறது. அதைவிட ஜராசந்தன் கதையைக் கவனமாகப் பாருங்கள். பீமன் அவனை இரண்டாகக் கிழித்துப் போட்டும் துண்டுகள் ஒட்டிக்கொள்கின்றன. கண்ணன் ஒரு துரும்பைக் கிள்ளி, இடம் வலம் மாற்றிப் போட்டுக் காட்டிய பிறகுதான் பீமனுக்குப் புரிகிறது. அவன் ஏன் ஒட்டிக்கொள்கிறான் என்பதற்கான விடை, அவன் பிறந்த கதையிலேயே இருக்கிறது: இரண்டு துண்டுகளாகப் பிறந்து, ஜரை என்ற அரக்கியால் ஒட்டவைக்கப்பட்டவன். மீண்டு வரும் விதியை அவன் தோல்வியடைந்த பிறகு கண்டுபிடிக்காதீர்கள். அவன் யார் என்பதிலிருந்தே அது கிளம்ப வேண்டும்.

நான் இப்போது எழுதிவரும் கதையிலிருந்தே காட்டுகிறேன். என் இருளரசனின் படையில் சேருகிறவன் உள்ளங்கையைக் கீறி, ஒரு கருங்கல்லில் அழுத்திச் சத்தியம் செய்ய வேண்டும். அந்தச் சத்தியங்களின் மொத்தம்தான் அவன் பலம். போரில் அவன் சாகிறான். உடல் சாம்பலாகிறது, கல்லும் நொறுங்குகிறது. வென்ற அரசி இரக்கமுள்ளவள். சரணடைந்த வீரர்களை மன்னித்து, நிலம் கொடுத்து, ஊருக்கு அனுப்புகிறாள். அவர்கள் செய்த சத்தியத்தை மட்டும் யாரும் அவிழ்க்கவில்லை. ஒரு வீரன் இறந்தால், அவனுள் இருந்த இருளரசனின் பங்கு மிச்சமிருப்பவர்களுக்குப் போய்ச் சேரும். ஐம்பது வருடம் கழித்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கும் ஒரு கிழவன் வாளியைக் கீழே வைக்கிறான். உள்ளங்கைத் தழும்பு சுடுகிறது. "என்ன தாத்தா?" என்கிறாள் பேத்தி. "பதினொன்று" என்கிறான். எதை எண்ணினோம் என்று அவனுக்கே தெரியாது. அடுத்த மாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, யாரும் கேட்காமலே, "பத்து" என்கிறான்.

இதில் தவறு செய்த கெட்டவர் என்று யாரும் இல்லை. அரசியின் மன்னிப்பு நியாயமானது, கிழவனும் நல்லவன். விட்டகுறை தொட்டகுறையாக நின்றுபோன ஒரு சத்தியம்தான் வேலை செய்கிறது.

இதை முதல் பாகத்தில் எங்கே விதைப்பது? வெற்றிக்குப் பிறகு வரும் ஈமச்சடங்கு அத்தியாயத்தில். அரசி மகனின் உடலருகே உட்கார்ந்திருக்கிறாள். எழுத்தர் வந்து, "பழைய சத்தியத்திலிருந்து இவர்களை விடுவிக்க வேண்டாமா, தாயே?" என்று கேட்கிறார். "அவர்கள் வீட்டுக்குப் போகட்டும்" என்கிறாள், தலையைத் திருப்பாமலே. வாசகருக்கு அந்த இடத்தில் அது ஒரு தாயின் சோர்வு, அவ்வளவுதான். துப்பு என்பது தான் இருக்கும் இடத்தில் வேறொரு வேலையைச் செய்துகொண்டிருக்க வேண்டும். சும்மா நிற்கும் துப்பைத் தேர்ந்த வாசகர் உடனே பிடித்துவிடுவார். கடைசிப் பக்கத்தில் சாம்பலுக்குள் இமைக்கும் சிவப்புக் கண்ணை தயவுசெய்து எழுதாதீர்கள்.

தோல்விக்கும் திரும்புதலுக்கும் இடைப்பட்ட காலத்தைப் பலர் ஒரே பத்தியில் தாண்டிவிடுகிறார்கள். கதையின் வளமான நிலம் அங்கேதான் கிடக்கிறது. சௌரான் மறுபடி தலைகாட்ட ஏறத்தாழ 1000 ஆண்டுகள் ஆகின்றன. அப்போதும் தன் பெயரில் வரவில்லை, காட்டுக் கோட்டையில் ஒளிந்திருக்கும் ஏதோ ஒரு மாந்திரீகனாகத்தான் பேசப்படுகிறான். ஹாரி பாட்டர் கதைகளின் இருளரசன் வோல்டெமோர்ட்டுக்கு 1981 முதல் 1995 வரை சொந்த உடல் இல்லை. விலங்குகளின் உடலிலும், ஓர் ஆசிரியரின் பின்மண்டையிலும் ஒண்டிப் பிழைக்கிறான். எல்லோரையும் மண்டியிட வைத்தவன், உணவு புகட்டக்கூட இன்னொருவன் தயவை எதிர்பார்த்துக் கிடக்கிறான். அந்த அவமானத்தை விரிவாக எழுதுங்கள். திரும்பி வந்த பிறகு அவன் செய்யும் கொடுமைக்கு அங்கிருந்துதான் நெருப்பு கிடைக்கும்.

அவனை எழுப்ப உதவுகிறவனுக்கும் தனி வாழ்க்கை வேண்டும். வெறும் பக்தன் சீக்கிரம் சலித்துவிடுவான். போவதற்கு வேறு இடமில்லாததால் எசமானிடம் திரும்புகிறவன், செத்த மனைவியை மீட்டுத் தருவான் என்று நம்புகிறவன், முதல் போரில் ஓடிப்போன குற்ற உணர்ச்சியில் வேகிறவன் என்று யாரை வைத்தாலும் நம்பலாம்.

திரும்பி வருகிறவன் பழையவனாக இருக்கக் கூடாது. நூமெனோர் தீவு கடலில் மூழ்கியபோது சௌரானின் அழகிய உருவமும் அழிந்தது. அதன் பிறகு நயமாகப் பேசி மயக்கும் தோற்றம் அவனுக்கு வாய்க்கவே இல்லை. ஒவ்வொரு திரும்புதலுக்கும் ஒரு விலை வையுங்கள்: முகம், குரல், பழைய நண்பனின் நினைவு, தூக்கம். கூடவே ஒரு பயமும். ஒருமுறை செத்தவனுக்குச் சாவு எப்படியிருக்கும் என்று தெரியும். முதல் பாகத்தில் படைக்கு முன்னால் நின்றவன், இப்போது கதவுக்கு முதுகு காட்டி உட்கார மாட்டான்.

இரண்டாவது வீழ்ச்சியை, அவன் திரும்பி வந்த வழியிலிருந்தே எடுங்கள். வோல்டெமோர்ட் உடல் பெறத் தந்தையின் எலும்பு, ஊழியனின் சதை, எதிரியின் குருதி மூன்றும் தேவைப்பட்டன. ஹாரியின் குருதியைத் தன்னுள் ஏற்றிக்கொண்டதால், ஹாரியின் தாய் தன் உயிரைக் கொடுத்து உண்டாக்கிய பாதுகாப்பும் அவன் உடம்பிலேயே உயிரோடு தங்கிவிட்டது. அதுதான் பிறகு ஹாரியைச் சாகவிடாமல் பிடித்துவைத்தது. எதிரியைக் கொன்றே தீர வேண்டும் என்றும் இல்லை. சூரபத்மன் கடல் நடுவே மாமரமாக நின்றபோது முருகனின் வேல் பிளக்க, ஒரு பாதி சேவலாகி கொடியில் ஏறியது, மறு பாதி மயிலாகி வாகனமானது.

என் கதையில் இருளரசன் முழுதாக எழ வேண்டுமானால் கடைசி ஒருவன் மட்டும் மிஞ்ச வேண்டும். ஆகவே நாயகி வாளெடுப்பதில்லை. அவள் ஒரு வைத்தியச்சி. ஒரு காலத்தில் தன் ஊரைக் கொளுத்திய பத்துக் கிழவர்களைத் தேடிப்பிடித்து, ஒரே வீட்டில் வைத்து, சத்தியத்தை அவிழ்க்கும் வழி கிடைக்கும்வரை ஒருவரும் சாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதில் இரண்டு பேருக்கு ஏற்கெனவே காய்ச்சல்.