லூசி ஸ்னோ சொல்லாமல் விட்ட காதலைப் படித்தெடுப்பது எப்படி? ‘வில்லெட்’ நாவலுக்கு ஒரு செய்முறை

விக்டோரியா கால நாவல்களில் காதலை மறைக்கும் பெண்களுக்குப் பஞ்சமில்லை. வீட்டாரிடம் மறைப்பார்கள், ஊரிடம் மறைப்பார்கள், சில சமயம் காதலிக்கப்படுபவனிடமே மறைப்பார்கள். வாசகருக்கு மட்டும் எல்லாம் தெரிந்திருக்கும். 1853 ஜனவரியில் சார்லட் பிராண்டி வெளியிட்ட ‘வில்லெட்’டில் அந்தச் சலுகை நமக்குக் கிடையாது. கதையைச் சொல்பவளே லூசி ஸ்னோ. அவள் மறைப்பதே நம்மிடம்தான். அகப்பாட்டுத் தலைவிக்காவது மனம் திறக்க ஒரு தோழி இருப்பாள். இங்கே தோழியின் இடத்தில் உட்கார்ந்திருக்கும் வாசகரையும் லூசி நம்புவதில்லை.

அதனால் அவள் சொல்வதை மட்டும் கோடிட்டுக்கொண்டே போனால் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சாது. எப்போது சொல்கிறாள், எதைத் தள்ளிப்போடுகிறாள், சொன்ன கையோடு என்ன செய்கிறாள் என்று பார்க்க வேண்டும். கீழே கதை முழுதும் உடைபடும்; ஒருமுறை படித்து முடித்தவர்களுக்கே இந்த முறை பயன்படும்.

தேவையானவை

நாவல் 42 அத்தியாயம். காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால் குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் உரையாடல்களில் பிரெஞ்சு நிறைய வரும். பிரெஞ்சு தெரியாதவர்கள் அடிக்குறிப்புள்ள அச்சுப் பதிப்பை எடுப்பது நல்லது. ஒரு பென்சில், ஒரு நோட்டு. நோட்டில் மூன்று பத்தி கோடு போடுங்கள்: சொன்னது, செய்தது, எப்போது சொன்னாள். பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும், அத்தியாய எண்ணையே குறியுங்கள்.

படி 1: சொல்பவளின் வயதைக் குறித்துக்கொள்ளுங்கள்

5-ஆம் அத்தியாயத்தில் தன் தலைமுடி இப்போது வெளுத்துவிட்டது என்று போகிறபோக்கில் சொல்கிறாள். அதாவது, முடிவு தெரிந்த கிழவி ஒருத்தி இளவயதுக் கதையைச் சொல்கிறாள். எதையாவது அவள் சொல்லாமல் விட்டால், தெரியாமல் விட்டது அல்ல. இதை நோட்டின் முதல் வரியாக எழுதிவைத்துவிட்டு மேலே போங்கள்.

படி 2: தாமதத்தை அளந்து பாருங்கள்

லூசி வேலை பார்க்கும் மேடம் பெக்கின் பள்ளிக்கு வந்துபோகும் டாக்டர் ஜானை, 10-ஆம் அத்தியாயத்தில் லூசி வைத்த கண் வாங்காமல் பார்க்கிறாள். அவன் அதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டுக் காரணம் கேட்கிறான். அவள் பதில் சொல்லவில்லை, நமக்கும் சொல்லவில்லை. சிறுவயதில் ஞானத்தாய் வீட்டில் பார்த்த கிரஹாம் பிரெட்டன்தான் அவன் என்று அந்தக் கணத்திலேயே கண்டுகொண்டதை 16-ஆம் அத்தியாயத்தில்தான் ஒப்புக்கொள்கிறாள்.

கதையில் திடுக்கிட வைக்க ஆசிரியர் செய்த வேலை என்று பலரும் இதைத் தள்ளிவிடுகிறார்கள். லூசி சொல்லும் காரணத்தைப் படியுங்கள்: தான் மேகத்துக்குள் மறைந்திருக்க, அவன் மட்டும் வெளிச்சத்தில் நிற்பது தனக்குப் பிடித்திருந்தது என்கிறாள். பார்க்கப்படாமல் பார்ப்பதில் அவளுக்கு ஒரு சுகம் இருக்கிறது. கூச்சம் என்று மட்டும் எழுதினால் பாதிதான் எழுதியதாகும்.

இனி இடைப்பட்ட அத்தியாயங்களை, அவளுக்கு ஆள் தெரியும் என்ற நினைப்போடு மறுபடி படியுங்கள். முக்கியமாக 14: பள்ளி நாடகத்தில் லூசிக்கு ஆண் வேடம். மாணவி ஜினெவ்ரா நடிக்கும் பெண்ணைக் காதலிக்கும் பாத்திரம். எதிரே பார்வையாளர் வரிசையில் ஜினெவ்ராவிடம் மயங்கிக் கிடக்கும் டாக்டர் ஜான். யாருடைய காதலுக்குப் போட்டியாக, யாரை நினைத்துக்கொண்டு அவள் அப்படி உற்சாகமாக நடிக்கிறாள்? ஒரே விடை எழுதாதீர்கள், இரண்டு மூன்று எழுதிவையுங்கள். மறுநாளே இனி நடிப்பதில்லை என்று முடிவெடுக்கிறாள். அது ‘செய்தது’ பத்திக்குப் போகட்டும்.

படி 3: மறுப்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள்

நாவலிலேயே கனமான இடம் இது. நேரம் இல்லையென்றால் இந்த ஒரு படியை மட்டுமாவது செய்யுங்கள். 23-ஆம் அத்தியாயத்தில், டாக்டர் ஜானின் கடிதங்களுக்குத் தான் இரண்டிரண்டு பதில் எழுதியதாகச் சொல்கிறாள். முதல் பதிலை உணர்ச்சியோடு சேர்ந்து, கதவைத் தாழிட்டுக்கொண்டு, இரண்டு தாள் நிறைய எழுதுகிறாள். பிறகு அறிவு தாழை உடைத்துக்கொண்டு உள்ளே வந்து அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஒரே பக்கத்தில் வறட்டுப் பதில் எழுதி அனுப்புகிறது. இந்த வாக்கியத்தின் நட்டநடுவில் ஓர் அடைப்புக்குறி. அதற்குள்தான், தனக்குக் காதல் கீதல் எதுவும் கிடையாது என்று சீறுகிறாள்.

அடைப்புக்குறியை விரலால் மூடிக்கொண்டு வாக்கியத்தைப் படியுங்கள். பற்றும் நன்றியும் வழிந்தோடும். விரலை எடுத்துவிட்டுப் படியுங்கள். அப்படியொரு சந்தேகத்தை அதுவரை யாரும் வாய்விட்டுக் கேட்கவே இல்லை. அவளாகக் கிளப்பி அவளாக மறுக்கிறாள். மறுப்புக்கு அவள் தரும் காரணம் இன்னும் சுவாரசியம்: நம்பிக்கைக்கு இடமே இல்லாத இடத்தில் பெண்கள் காதல் வைப்பதில்லையாம். அவனைப் பிடிக்கவில்லை என்று எங்கேயும் சொல்லவில்லை. கிடைக்காது என்பதுதான் வாதம். இதை மூன்று பத்தியிலும் முழுதாக எழுதுங்கள்.

படி 4: பொருள்களைப் பின்தொடருங்கள்

26-ஆம் அத்தியாயத்தில் அந்தக் கடிதங்களை எண்ணெய்ப் பட்டில் சுற்றி, பழைய சாமான் கடையில் வாங்கிய கண்ணாடிக் குடுவையில் போட்டு, காற்றுப் புகாமல் அடைத்து, தோட்டத்துப் பேரி மரத்தின் வேரடியில் புதைக்கிறாள். ‘அவனை மறந்துவிட்டாள்’ என்று எழுதுவது இங்கே நடக்கும் வழக்கமான பிழை. ஒழித்துக்கட்ட நினைப்பவள் எரித்திருப்பாள். ஈரம்கூட அண்டாமல் மூடிவைப்பது கெடாமல் காக்கும் வேலை. உள்ளங்கையில் மடித்து வைத்த கூடாரம் ஒன்றை அவனுக்காக வாழ்நாள் முழுதும் வைத்திருந்ததாகப் பிற்பாடு அவளே சொல்வாள். அந்த இடம் வரும்போது அம்புக்குறி போட்டு இங்கே இணையுங்கள்.

படி 5: வன்முறைப் படிமங்களைத் தனியே எழுதுங்கள்

12-ஆம் அத்தியாயத்தில் தன் ஏக்கங்களின் நெற்றிப்பொட்டில் ஆணி அறைந்ததாகச் சொல்கிறாள். பைபிளில் யாகேல் என்ற பெண் படைத்தலைவன் சிசெராவைக் கொன்றது இப்படித்தான். ஆனால் சிசெராவைப்போல அவை சாகவில்லை, ஆணியோடு திமிறிப் புரண்டன என்றும் சேர்க்கிறாள். அமைதியானவள் என்று தன்னைச் சொல்லிக்கொள்பவளின் உவமை இது.

படி 6: யார் அவளை எப்படிப் பார்க்கிறார்கள்?

26-இல் லூசியே பட்டியல் தருகிறாள்: மேடம் பெக்குக்கு அவள் படிப்பாளி, ஜினெவ்ராவுக்குக் குத்திப் பேசுபவள், அதே பள்ளியில் பாடம் எடுக்கும் பேராசிரியர் பால் இம்மானுவேலுக்கோ அடங்காத நெருப்பு. டாக்டர் ஜான் கண்ணில் தீங்கற்ற நிழல் என்பது அடுத்த அத்தியாயத்தில் வரும். தன்னை நிழலாக நினைப்பவனிடம் அவள் நிழலாகவே இருந்துவிடுகிறாள். பாலிடம் சண்டை போடுகிறாள். 29-இல் அவருடைய சட்டைப்பைக் கடிகாரத்துக்கென்று ஒரு சங்கிலி பின்னிப் பெட்டியில் வைத்து, அதன் மூடியின் உட்புறம் அவர் பெயரின் முதலெழுத்துகளைக் கத்தரிக்கோல் முனையால் கீறி, கடைசியில் கொடுத்தும் விடுகிறாள். குடுவையில் மூடிய கடிதத்தையும் கைக்குப் போய்ச்சேர்ந்த பெட்டியையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், டாக்டர் கிடைக்காததால் பால் என்ற முடிவுக்கு வர மாட்டீர்கள்.

படி 7: எழுதும்போது

ஒரு கூற்று, அதற்கு இரண்டு சான்று, எதிராக ஒரு சான்று. 200 சொல் போதும். பிராண்டி 1842 முதல் 1844 வரை பிரஸ்ஸல்ஸில் இருந்ததையும், அங்கே தனக்குப் பாடம் சொல்லித்தந்த ஹேகருக்கு எழுதிய கடிதங்கள் 1913-இல் ‘டைம்ஸ்’ இதழில் வெளிவந்ததையும் வைத்து ‘லூசிதான் சார்லட்’ என்று முடித்துவிடாதீர்கள். அந்த அடைப்புக்குறி ஏன் அங்கே இருக்கிறது என்பதற்கு அதில் விடை இல்லை.

எதிர்ச்சான்று தேடுபவர்கள் 42-ஆம் அத்தியாயத்துக்குப் போகலாம். பால் கடல் கடந்து போயிருந்த மூன்று ஆண்டுகளே தன் வாழ்வில் மிக மகிழ்ச்சியானவை என்கிறாள் லூசி. கையில் சொந்தப் பள்ளி, தபாலில் கடிதம், ஆள் மட்டும் அருகில் இல்லை. பிறகு ஏழு நாள் புயல். கப்பல் என்ன ஆனது என்பதைச் சொல்லாமலே நிறுத்திக்கொள்கிறாள். ‘பால் இறந்தார்’ என்று ‘சொன்னது’ பத்தியில் எழுதாதீர்கள். அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும்.