கேமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்: நெல்லைச் சீமையில் முதல் ஆவணப்படம் எடுக்கும் முறை

பாளையங்கோட்டையில் மூன்று பேராகச் சேர்ந்து ஒரு சிறிய ஆவணப்படக் குழு நடத்துகிறோம். ஒருவர் கேமரா, ஒருவர் ஒலி. இயக்கமும் கணக்குவழக்கும் என் பொறுப்பு. விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) முடித்த பிள்ளைகள் அடிக்கடி வந்து கேட்கிறார்கள்: "அண்ணே, ஆவணப்படம் எடுக்கணும், எந்தக் கேமரா வாங்கட்டும்?" இந்தக் கேள்வி எங்கள் வேலையில் மிகவும் பிந்தித்தான் வரும். அதற்கு முன்னால் செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். திருச்செந்தூர்ப் பக்கம், தேரிக்காட்டு (செம்மணல் மேட்டு) ஓரத்தில் பனையேறும் ஒரு குடும்பம். 20 நிமிடப் படம். திருச்செந்தூர் இருக்கும் தூத்துக்குடி 1986-லேயே நெல்லையிலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆகிவிட்டது. ஆனாலும் பேச்சும் பனையும் கருப்பட்டியும் இன்னும் ஒரே சீமைதான்.

படி 1: பொருளைச் சுருக்குங்கள்

"பனைத் தொழில்" என்பது ஒரு தலைப்பு, அதை வைத்துப் படம் எடுக்க முடியாது. "இந்தப் பருவத்தில், இந்த விடிலியில், இந்தக் குடும்பம்" என்று சொன்னால் படம் தெரியத் தொடங்குகிறது. விடிலி என்றால் பதநீர் காய்ச்சுவதற்காக விளைக்குள்ளேயே, அதாவது பனந்தோப்புக்குள்ளேயே, போடும் ஓலைக் குடிசை. மாசி, பங்குனியில் பனம்பாளையை (பனையின் பூங்கொத்தை) சீவத் தொடங்கினால் ஆடி வாக்கில் பருவம் முடியும். இப்படித் தொடக்கமும் முடிவும் உள்ள ஒன்றை முதல் படத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கதையின் எலும்பைப் பருவமே போட்டுக் கொடுத்துவிடும்.

படி 2: வெறுங்கையோடு போங்கள்

குறைந்தது நான்கைந்து தடவை. கேமரா வேண்டாம், செல்போனையும் பைக்குள்ளேயே வைத்திருங்கள். ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

விடிவதற்கு முன்னாலேயே விளையில் இருக்க வேண்டும். நீங்கள் காலை 9 மணிக்குப் போய் இறங்கினால் காலை ஏற்றம் முடிந்து பதநீர் அடுப்பில் ஏறியிருக்கும். மனிதர்கள் களைத்திருப்பார்கள். உங்களுக்கு ஒரு ஓலைப் பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுத்து, மரியாதையாக நாலு வார்த்தை பேசி அனுப்பிவிடுவார்கள். அந்த நாலு வார்த்தை ஏற்கெனவே பத்துப் பேருக்குச் சொன்னதாகத்தான் இருக்கும்.

நோட்டில் எழுத வேண்டியவை: யார் எப்போது எழுந்திருக்கிறார்கள், எத்தனை மரம், எந்த வரிசையில் ஏறுகிறார், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, அடுப்புப் புகை எந்தப் பக்கம் போகிறது, பிள்ளைகள் எந்த பஸ்ஸில் பள்ளிக்கூடம் போகிறார்கள். முக்கியமாக, அவர்கள் வாயில் வரும் சொற்கள். அருவாப்பெட்டி (அரிவாள் வைக்கும் பெட்டி), கலயம் (பாளையில் கட்டும் மண்பானை), சிரட்டை (தேங்காய் ஓடு) என்று ஒவ்வொன்றையும் அவர்கள் சொல்கிறபடியே எழுதிக்கொள்ளுங்கள். அங்கே பதநீரைப் பயினி என்பார்கள். பேட்டியில் நீங்களும் பயினி என்றே கேட்டால் பதிலின் குரலே மாறிவிடும்.

ஒரு விடிலியில் நான் இரண்டாம் நாளே கேள்விகளைத் தொடங்கிவிட்டேன். பதநீர் காய்ச்சிக்கொண்டிருந்த அக்கா, அடுப்பை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்: "ஏ தம்பி, அடுப்பு எரியும்போது பேச்சுக் குடுக்காத. பொங்கிட்டா இன்னைக்குள்ள பாடு போச்சு." அன்றிலிருந்து எங்கள் குழுவில் அது சட்டம். வேலை நடக்கும்போது பேட்டி கிடையாது.

படி 3: சம்மதம் வாங்குங்கள், அவர்களுக்குப் புரியும் தமிழில்

இணையத்தில் கிடைக்கும் ஆங்கில ஒப்புதல் படிவத்தை அச்செடுத்து, "சும்மா ஒரு கையெழுத்து அண்ணாச்சி" என்று நீட்டாதீர்கள். அது சம்மதமே ஆகாது. ஒரே பக்கத்தில் தமிழில் எழுதுங்கள்: நாங்கள் யார், என்ன படம், எங்கெல்லாம் காட்டுவோம், பணம் வந்தால் என்ன செய்வோம், எதுவரை "வேண்டாம்" என்று சொல்லலாம். அதை வாசித்துக் காட்டி, அவர்கள் கேட்கும் கேள்விகளோடு ஒலியாகவும் பதிவு செய்துவையுங்கள். எடிட்டிங் முடிந்து, இனி மாற்றமில்லை என்று படத்தைப் பூட்டும் நாள்வரை எந்தக் காட்சியையும் எடுத்துவிடச் சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு என்று நாங்கள் எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

இதில் வெறும் மரியாதையைத் தாண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர். தடவாவிட்டால் அது புளித்துக் கள்ளாகிவிடும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருக்கிறது. சுண்ணாம்பு இல்லாத ஒரு கலயம் உங்கள் காட்சியில் தெளிவாகத் தெரிந்தால், உங்களுக்கு அது அழகான ஒரு ஷாட், அந்த மனிதருக்கு வழக்கு. நீங்கள் எடுத்ததையே சாட்சியாக வைக்கலாம். அதனால் எதை எடுக்கிறோம் என்பதோடு, எடுத்தது யார் கையில் சிக்கினால் யாருக்கு என்ன ஆகும் என்பதையும் ஒவ்வொரு நாள் இரவும் உட்கார்ந்து யோசியுங்கள். சந்தேகம் வந்தால் அந்தக் காட்சியை அழித்துவிடுங்கள், ஒதுக்கி வைப்பது போதாது.

பணம் கொடுக்கலாமா? பேசுவதற்குக் காசு கொடுத்தால் நாம் கேட்க விரும்புவதையே சொல்லத் தொடங்குவார்கள் என்பது என் அனுபவம். ஆனால் நம்மால் ஒருவருடைய வேலை கெட்டால் அந்த நாள் கூலியைக் கட்டாயம் கொடுக்க வேண்டும். கருப்பட்டி வாங்கினால் பேரம் பேசாமல் வாங்குங்கள்.

படி 4: முதல் காசு ஒலிக்கு

கையில் இருப்பது கொஞ்சப் பணம் என்றால் கேமராவை வாடகைக்கு எடுங்கள், மைக்கைச் சொந்தமாக வாங்குங்கள். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள்.

ஒரு பூம் மைக் (நீளக் கம்பில் பிடிப்பது), ஒரு காலர் மைக் (சட்டையில் மாட்டுவது), ஒரு சிறிய ரெக்கார்டர், நல்ல ஹெட்போன். பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். பேச்சின் உச்சம் ரெக்கார்டர் மீட்டரில் மைனஸ் 12 டெசிபல் பக்கத்தில் நிற்கட்டும். ஹெட்போன் போடாமல் ஒரு நொடிகூடப் பதிவு செய்யாதீர்கள்.

நம் ஊரில் பெரிய எதிரி காற்று. வைகாசி முதல் ஆவணி வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அடிக்கும் காற்றை நம்பித்தான் முப்பந்தலிலும் பணகுடியிலும் காற்றாலைகள் நிற்கின்றன. நம் பருவத்தின் பின்பாதி முழுக்க அந்தக் காற்றுதான். மைக்கோடு வரும் பஞ்சு உறை தேரிக்காட்டில் கொஞ்சமும் தாங்காது. மேலே நீளமான ரோமம் வைத்த உறை வேண்டும். காலர் மைக்கைச் சட்டைக்கு உள்பக்கம் மருத்துவ டேப் போட்டு ஒட்டுங்கள். பனையேறும்போது மட்டும் அது வேண்டவே வேண்டாம். நெஞ்சு மரத்தோடு உரசித்தான் ஏறுகிறார்கள், வயர் எதிலாவது மாட்டினால் உயிருக்கு ஆபத்து. கீழே நின்று பூம் மைக்கை மேலே காட்டுங்கள். பாளையைச் சீவும் அந்த 'சரக், சரக்' சத்தம் விடியற்காலை அமைதியில் நன்றாகவே இறங்கி வரும்.

ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் சுற்றுச் சத்தத்தை மட்டும் தனியே பதிவு செய்யுங்கள். எடிட்டிங்கில் வெட்டிய இடங்களுக்கு ஒட்டுப்போட அதுதான் துணி.

படி 5: கேமரா

நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இந்த அமைப்பில் டியூப் லைட்டும் எல்இடி பல்பும் பெரும்பாலும் துடிக்காது. தேரி மணலில் வெயில் கண்ணைப் பறிக்கும், அதற்கு என்டி பில்டர் (லென்ஸுக்குள் வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடி) வேண்டும். வெளிக் காட்சிகளைக் காலை 9 மணிக்குள், மாலை 4-க்குப் பிறகு எடுங்கள். நடுப்பகலை ஓலைக் குடிசைக்குள் எடுக்கும் காட்சிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டிரோன் ஆசை எல்லோருக்கும் வரும். 2021-ஆம் ஆண்டின் டிரோன் விதிகள்படி, பறக்கவிடும் முன் டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதளத்தின் வரைபடத்தில் அந்த இடம் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று பார்க்க வேண்டும். கூடங்குளத்தில் அணுமின் நிலையம், விஜயநாராயணத்தில் கடற்படைத் தளம் என்று நம் பக்கம் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்கள் நிறைய. முண்டந்துறைப் புலிகள் காப்பகக் காட்டுக்குள் என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் சாதாரண கேமராவைக்கூடத் தூக்காதீர்கள்.

படி 6: எடுக்கும் நாள்

முதல் விதி: "இன்னொரு தடவை ஏறுங்களேன்" என்று ஒருபோதும் கேட்கக் கூடாது. 50, 60 அடி மரம் அது. காலையும் மாலையும் அத்தனை மரமும் ஏறி இறங்கும் மனிதர் நமக்காக ஒரு ஏற்றம் கூடுதலாக ஏறி, கால் வழுக்கினால் எந்தப் படமும் அதற்கு ஈடாகாது. இன்று தவறவிட்டால் நாளைக் காலை மறுபடி ஏறுவார், நாமும் போய் நிற்போம். அவர் மேலே இருக்கும்போது கீழிருந்து குரல் கொடுக்கவும் கூடாது.

காய்ச்சுவதை எடுக்கும்போது அவசரப்படாதீர்கள். பதநீர் முதலில் வெறும் தண்ணீர்போல் கிடக்கும். பிறகு வெள்ளை நுரை கட்டும். நுரை விளிம்பைத் தொடும் நேரத்தில் அந்த அக்கா நசுக்கிய ஆமணக்கு முத்தை ஒரு சிட்டிகை போடுவார், நுரை அப்படியே அமுங்கும். நேரம் போகப் போகக் குமிழி பெரிதாகி, சத்தம் மாறும். 'சளசள' என்றிருந்தது 'பொளக், பொளக்' என்று கனத்துவிடும். அவர் பதம் பார்ப்பதில் பாதி காதால்தான். மணிக்கணக்கில் நடக்கும் இந்த மாற்றத்தை ஒரே இடத்தில் கேமராவை ஊன்றி, ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு நிமிடம் எடுங்கள். பிறகு கை, பிறகு முகம், கடைசியாகச் சிரட்டையில் ஊற்றும் ஒழுக்கு.

பேட்டியை ஓய்வு நேரத்தில் வையுங்கள். "ஏன்" என்று கேட்டால் நியாயம் சொல்வார்கள். "அன்னைக்கு என்ன நடந்துச்சு" என்று கேட்டால் கதை வரும். பதில் சொல்லி முடித்த பிறகும் ஐந்து நொடி வாயைத் திறக்காமல் இருங்கள். பல நேரம் உண்மையான பதில் அந்த ஐந்து நொடிக்குப் பிறகுதான் வருகிறது.

பக்கத்து டீக்கடையில் சினிமாப் பாட்டு ஓடினால், காரணம் சொல்லி, கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். உரிமை இல்லாத பாட்டு பேட்டிக்குப் பின்னால் கலந்துவிட்டால் பிரிக்க வழியில்லை.

படி 7: அன்றன்றைக்கு நகல்

4கே-யில் நொடிக்கு 100 மெகாபிட் என்று எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. 20 மணி நேரம் எடுத்தால் 900 ஜிபி. 2 டிபி டிஸ்க் இரண்டு வாங்கி, இரண்டும் இரண்டு வீட்டில் இருக்கட்டும். எங்கள் இரண்டாவது படத்தில் அசதியில், நகல் எடுத்தாயிற்று என்று நினைத்து ஒரு கார்டைத் துடைத்துவிட்டேன். ஒரு பெரியவர் தன் அப்பாவைப் பற்றிப் பேசிய 40 நிமிடம் அதில் இருந்தது. மறுபடி பேச அவருக்கு உடம்பு ஒத்துழைக்கவில்லை. அதற்குப் பிறகு, இரண்டு டிஸ்கிலும் பைலைத் திறந்து ஓட்டிப் பார்த்தபின்தான், வேறொருவர் கையால் கார்டைத் துடைக்கிறோம்.

படி 8: எடிட்டிங்

டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பே முதல் படத்துக்குப் போதும். ஆனால் மென்பொருளைத் திறக்கும் முன் எல்லாப் பேட்டியையும் எழுத்தில் இறக்குங்கள், சொன்ன வழக்கிலேயே. முக்கியமான வரிகளைத் துண்டுச் சீட்டில் எழுதித் தரையில் பரப்பி, மாற்றி மாற்றி அடுக்குங்கள். எங்கள் படங்கள் எல்லாமே தரையில்தான் உருவாயின. பின்னணிக் குரல் போட்டு விளக்கும் ஆசை வரும். அந்த அக்காவின் குரலே போதும் என்று தோன்றும்வரை வெட்டுங்கள். பயினி என்ற சொல் சென்னைக்காரருக்குப் புரியாது என்று மாற்றவேண்டாம், காட்சியே புரியவைக்கும்.

படி 9: காகித வேலை, திரையிடல்

நிறுவனம் பதிவு செய்வதைப் பற்றி முதல் நாளே கவலைப்பட வேண்டாம். ஒருவர் பெயரில் தனிநபர் நிறுவனமாகத் தொடங்கலாம். இரண்டு பேர் சேர்ந்தால் எல்எல்பி (வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை) ஆக்கலாம். சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி. மூன்று பேருக்கும் பங்கு எவ்வளவு என்பதை மட்டும் முதல் நாளே காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

பொதுவில் திரையிட 1952-ஆம் ஆண்டு ஒளிப்பதிவுச் சட்டப்படி தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். திரைப்பட விழாக்களுக்கு விலக்குப் பெறும் வழி இருக்கிறது. பக்கத்திலேயே மதுரையிலும் திருவனந்தபுரத்திலும் ஆவணப்படங்களுக்கும் குறும்படங்களுக்குமென்றே விழாக்கள் நடக்கின்றன. படம் அனுப்பும் முன் ஒரு தடவை பார்வையாளராகப் போய் உட்கார்ந்து, மற்றவர்கள் எடுத்ததைப் பாருங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், பூட்டும் முன் உள்ள பதிப்பை ஒரு லேப்டாப்பில் எடுத்துக்கொண்டு அந்த விடிலிக்குப் போங்கள். மாலைக் கலயம் இறக்கி, அடுப்பு அணைந்த பிறகு, குடும்பத்தோடு உட்கார்ந்து ஓட்டுங்கள். திரையைப் பார்க்காமல் அவர்கள் முகத்தைப் பாருங்கள், எங்கே நெளிகிறார்கள் என்று நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அப்படி நான்கு இடம் கிடைத்தது. மூன்றை அவர்கள் வாய்திறந்து எடுக்கச் சொன்னார்கள். நான்காவதை யாரும் சொல்லவில்லை, அந்த வீட்டுப் பெண்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். அதையும் எடுத்துவிட்டோம். படம் 20 நிமிடத்திலிருந்து 17 ஆனது. முடிந்த படத்தையும், அவர்கள் வீட்டு ஆட்கள் வரும் முழுக் காட்சிகளையும் ஒரு பென்டிரைவில் போட்டு, அடுத்த பங்குனியில் பாளை கட்டும் முன் போய்க் கொடுத்துவிட்டு வந்தோம்.