நிமோனியாவுக்குப் பிறகு மூச்சுத் திறனை மீட்பது எப்படி?

நிமோனியா குணமாகிவிட்டது, எக்ஸ்ரேயிலும் குறையில்லை என்று மருத்துவர் சொல்லி அனுப்பிய பிறகும், முதல் மாடிக்கு ஏறுகையில் பாதி வழியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நிற்க நேர்வது பலரைத் திகைக்க வைக்கிறது. கிருமி ஒழிந்தாலும், படுக்கையில் கழிந்த வாரங்களில் இதயமும் தொடைத் தசைகளும் இழந்த வலு தானாகத் திரும்புவதில்லை. 1966இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில், ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். ஆக்சிஜனைப் பயன்படுத்தும் அவர்களது உச்சத் திறன் கால் பங்குக்கும் மேல் குறைந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரைச் சோதித்தபோது, அத்தனை ஆண்டு மூப்பு பறித்ததைவிட அந்த மூன்று வாரம் பறித்ததே அதிகம் என்று தெரிந்தது. ஆனால் படுக்கையை விட்டு எழுந்த பின் சுமார் இரண்டு மாதப் பயிற்சியில் இழந்ததை அவர்கள் மீட்டுவிட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நோயில் விழுந்தவருக்கு இன்னும் கூடுதல் காலம் ஆகலாம். மூன்று மாதம் வரை அசதி நீடிப்பது சாதாரணம், முழுமையாகத் தேற ஆறு மாதமும் ஆகக்கூடும்.

காய்ச்சல் முற்றிலும் விட்டு, உட்கார்ந்திருக்கையில் மூச்சு சீராக இருந்து, மருத்துவரும் சம்மதித்த பின், சமதளத்தில் ஐந்து நிமிட நடையோடு தொடங்குங்கள். வீட்டுக் கூடமே போதும்; தெருவில் நடந்தால் திரும்பி வரும் தூரத்தையும் நடந்தே தீர வேண்டும். வேகத்தை அளக்கக் கருவி வேண்டாம். நடந்துகொண்டே ஒரு குறளைச் சொல்லிப் பாருங்கள்: ஏழு சீரும் தடையின்றி வந்தால் வேகம் சரி, முதல் அடியின் நான்கு சீருக்குள்ளேயே மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

இன்றைய நடை அளவானதா என்பதை நாளைக் காலைதான் சொல்லும். மூன்றாம் வாரத்தில் உடம்பு இலகுவாக இருக்கிறதே என்று கோயில் குளத்தை நான்கு சுற்று சுற்றிவிட்டு, அடுத்த இரண்டு நாளும் கட்டிலை விட்டு எழ முடியாமல் கிடந்த பிறகே எனக்கு இது புரிந்தது. மறுநாள் வழக்கமான தெம்போடு எழுந்தால் அதே அளவை மூன்று நான்கு நாள் தொடர்ந்து, பிறகு இரண்டு நிமிடம் கூட்டலாம். அசதி மிஞ்சியிருந்தால் முந்தைய அளவுக்குத் திரும்ப வேண்டும். சிறு உழைப்புக்குப் பின்னும் ஒவ்வொரு முறையும் நாள்கணக்கில் உடல் சரிந்துபோகிறவர்கள் பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போகக் கூடாது. அவர்களுக்குத் தேவை மருத்துவரின் ஆலோசனை.

முதலில் நேரத்தைக் கூட்டுங்கள், வேகம் பிறகு வரட்டும். முப்பது நிமிடம் இடைநிற்காமல் நடக்க முடிந்த பின்னரே, ஒரு நிமிடம் விரைவாகவும் இரண்டு நிமிடம் மெதுவாகவும் மாற்றி மாற்றி நடக்கலாம். இடையிடையே, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியைப் பத்து முறை செய்தால் தொடை வலுப்படும். அதே வேலைக்கு நுரையீரல் படும் பாடும் குறையும்.

படி ஏறுவதற்கு ஒரு முறை உண்டு. நின்ற நிலையில் மூக்கால் மூச்சை இழுத்து, சூடான காபியை ஊதி ஆற்றுவதுபோல் உதட்டைக் குவித்து, மூச்சை வெளிவிட்டபடியே இரண்டு படி ஏறி, நின்று மறுபடி இழுக்க வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே ஓட்டமாக ஏறுவதுதான் பலரும் செய்யும் தவறு.

வீட்டில், ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டர் இருந்தால், நகப்பூச்சு இல்லாத, குளிர்ந்திராத விரலில் நடைக்கு முன்னும் பின்னும் பாருங்கள். ஆக்சிஜன் அளவு மூன்று புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். நெஞ்சு வலி, படபடப்பு, தலைச்சுற்றல் ஆகியவற்றில் ஏதேனும் வந்தால் கருவி என்ன காட்டினாலும் அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். சற்று நேரத்தில் தணியாவிட்டால் தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள்.