முற்றிய ஆண் வழுக்கை: சிகிச்சைக்கு முன் அறிய வேண்டியவை

உச்சியும் முன்நெற்றியும் ஒன்றாகி, காதோரத்திலும் பிடரியிலும் மட்டும் முடி எஞ்சும் நிலையை, ஆண் வழுக்கையின் படிநிலைகளை வகுக்கும் நார்வுட் அளவுகோல் 6, 7ஆம் நிலைகளாகக் குறிக்கிறது. டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உருவாகும் டிஹெச்டி என்னும் ஹார்மோன், மரபுவழியில் அதற்கு ஆட்படும் வேர்க்கால்களைச் சிறுகச் சிறுகச் சுருக்குகிறது; எண்ணெய் அதைத் தடுப்பதில்லை.

பளபளப்பாகிவிட்ட உச்சியில் முடி வளர்ச்சிக்கான மினாக்சிடில் மருந்தைத் தடவிப் பெரும்பலனை எதிர்பார்க்க வேண்டாம். பூனைமுடி தென்படும் ஓரங்களிலேயே அதற்கு வேலை உண்டு. டிஹெச்டி உருவாவதைக் குறைக்கும் ஃபினாஸ்டிரைடு மாத்திரையை நாள்தோறும் 1 மில்லிகிராம் உட்கொள்வோர், பாலுணர்வுக் குறைவு போன்ற பக்கவிளைவுகளை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டறிவதுடன், புராஸ்டேட் சுரப்பிக்கான பிஎஸ்ஏ என்னும் இரத்தப் பரிசோதனையின்போது இம்மருந்தைக் குறிப்பிடவும் வேண்டும். இம்மருந்து பிஎஸ்ஏ அளவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துக் காட்டும்.

முடி மாற்று சிகிச்சையை நாடினால், வழுக்கைப் பகுதியில் நடுவதற்குப் பிடரியிலிருந்து எடுக்கத்தக்க முடி எவ்வளவு என்பதை முதலில் கணிக்கச் சொல்லுங்கள். போதாதெனில், முன்நெற்றியை மட்டும் நிரப்பி உச்சியை விட்டுவிடுவதே என் பார்வையில் விவேகம்.