நாணல் பூ ஜாடியில் உதிராமல் இருக்க

தோட்டத்து நாணலை ஜாடியில் வைக்கப் போகிறீர்கள் என்றால் கதிர் முழுசாக விரிவதற்கு முன்பே, வெள்ளிப் பட்டு மாதிரி பளபளப்பு இருக்கும்போதே, பனி காய்ந்த பிறகு வெட்டி, நிழலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுங்கள். முற்றிய கதிரில் விதை பஞ்சோடு கழன்று பறக்கும், இளங்கதிரில் அது இன்னும் காம்பைப் பிடித்திருக்கும். தலைகீழாகக் காய்வதால் தண்டும் வளையாது. அப்புறம் ஜாடியில் தண்ணீர் வேண்டவே வேண்டாம், அடியில் இரண்டு பிடி காய்ந்த மணல் போட்டால் நிமிர்ந்து நிற்கும்.

செங்கோட்டை, தென்காசிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இதைச் செய்யாதீர்கள், காயாமல் பூஞ்சணம் பிடித்துவிடும். மழை விட்டு வெயில் அடிக்கும் மார்கழிதான் சரி, அப்போதும் நிழலில்தான் தொங்கவிட வேண்டும். ஏற்கெனவே பஞ்சாக விரிந்துவிட்ட கதிருக்கு இது உதவாது. விளக்கு, அடுப்புப் பக்கம் மட்டும் வைக்கவே கூடாது.