பன்னிரண்டேகாலுக்குள் பந்தியில் இருங்கள்: பர்கண்டி ஒயின் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மே மாதம் பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் உள்ள பொமார் கிராமத்துத் தேவாலயத்தின் எதிரே ஓர் ஒன்பது இருக்கை வேன் நின்றுகொண்டிருந்தது. மணி இரண்டைத் தாண்டியிருந்தது. வேனுக்கு வெளியே எட்டுப் பயணிகள் கன்னம் சிவந்து, கண் சொருகி, பசியில் ஒருவரோடு ஒருவர் பேசாமல் நின்றார்கள். அவர்களை அழைத்து வந்த இளைஞர் ஒவ்வோர் உணவகமாகத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தார். எதிர்முனையில் என்ன பதில் வந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் அதே சாலையில், அதே நேரத்தில், அதே கேள்வியோடு நானும் நின்றிருக்கிறேன்.

டிஜோனிலிருந்து தெற்கே சாந்த்னே வரை ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டருக்கு நீளும் ஒடுங்கிய மலைச்சரிவுதான் என் பணியிடம். சிவப்புக்குப் பினோ நுவார், வெள்ளைக்கு ஷார்தொனே என்ற இரண்டே திராட்சைகள் இங்கே பெரும்பகுதியை ஆள்கின்றன. இங்கே சிறு குழுக்களை அழைத்துச் செல்லப் புதிதாக வருபவர்களையும், நண்பர்கள் எட்டுப் பேரைச் சேர்த்துத் தாங்களே திட்டம் போடுபவர்களையும் ஆண்டுதோறும் பார்க்கிறேன். குடித்துவிட்டு வண்டி ஓட்டக் கூடாது, காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றுவதற்குத் தனி அனுமதி வேண்டும், முன்பதிவு செய்யாமல் போகக் கூடாது என்பவற்றை அவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. யாரும் சொல்லாதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

பெயரைத் துரத்துவது

உலகப் புகழ்பெற்ற ஒயினைத் தரும் ரொமானே-கோந்தி தோட்டத்தின் பரப்பு 1.8 ஹெக்டேர்தான். அதைப் பார்க்க வேண்டும் என்று பயணிகள் கேட்பார்கள். அந்தத் தோட்டத்தின் உரிமையாளர்கள் ஒயினை முதிர வைக்கும் நிலவறைக்குள் சுற்றுலாப் பயணிகளை அனுமதிப்பதில்லை. சாலையோரக் கற்சிலுவையின் முன் படம் எடுத்துக்கொள்ளலாம். கொடிகளுக்குள் நுழைய வேண்டாம் என்று அங்கேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இதற்கு அரைநாள் ஒதுக்குவது வீண்.

அங்கிருந்து சில நிமிடத் தொலைவில் குளோ தெ வூஜோ இருக்கிறது. 1098-ல் நிறுவப்பட்ட சீத்தோ மடத்தின் துறவிகள் வளைத்துக் கட்டிய மதிலுக்குள் சுமார் ஐம்பது ஹெக்டேர் தோட்டம், இன்று ஏறத்தாழ எண்பது உரிமையாளர்களிடம் பிரிந்து கிடக்கிறது. ஒரே மதில், ஒரே பெயர். ஆனாலும் மேட்டில் உள்ளவரின் ஒயின் வேறு, சாலையோரத் தாழ்வில் உள்ளவரின் ஒயின் வேறு. பர்கண்டியைப் புரியவைக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. அந்த மதிலோரம் மேலிருந்து கீழாக இருபது நிமிடம் நடக்க வையுங்கள். 2015-ல் யுனெஸ்கோ எதற்காக இந்தத் தோட்டத் துண்டுகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது என்பதை அதன்பின் விளக்க வேண்டியிருக்காது.

ஒரு காலையில் மூன்று நிலவறைகள்

இதுதான் அந்தத் தவறு. இத்தனை ஆண்டுகள் கழிந்தும் இதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

எப்படி நேர்கிறது என்று சொல்கிறேன். வரைபடத்தைப் பார்த்தால் பொமாருக்கு அடுத்து வோல்னே, வோல்னேக்கு அடுத்து மெர்சோ. ஒவ்வோர் ஊருக்கும் நடுவே சில நிமிடப் பயணம்தான். காசு கொடுத்த பயணிக்கு நிறையக் காட்ட வேண்டும் என்ற ஆசை நமக்கு. ஒன்பது மணிக்கு ஒன்று, பத்தேகாலுக்கு ஒன்று, பதினொன்றரைக்கு ஒன்று, ஒரு மணிக்குச் சாப்பாடு என்று காகிதத்தில் எழுதினால் அழகாகத்தான் பொருந்துகிறது.

நானும் அப்படித்தான் எழுதினேன், முதல் ஆண்டின் ஜூன் மாதத்தில், ஒரு திங்கட்கிழமை. முதல் நிலவறை சரியான நேரத்தில் முடிந்தது. இரண்டாவது இடத்தில் அறுபது வயதைக் கடந்த ஒரு விவசாயி தாமே எங்களை வரவேற்றார். பீப்பாயிலிருந்து கண்ணாடிக் குழாயால் உறிஞ்சி ஒவ்வொருவருக்கும் ஊற்றினார். எங்கள் குழுவில் ஒருவர் மண்ணைப் பற்றி ஒரு நல்ல கேள்வி கேட்டார். விவசாயி ஒன்றும் சொல்லாமல் விளக்கு எட்டாத மூலைக்குப் போய், பூஞ்சை படர்ந்த, பெயர்ச்சீட்டு ஒட்டாத ஒரு புட்டியோடு திரும்பி வந்தார். அது விலைக்கு உரிய புட்டி அல்ல. அவருடைய தந்தை செய்த ஒயின். அந்த நேரத்தில் கடிகாரத்தைப் பார்ப்பவர் இந்தத் தொழிலுக்கு லாயக்கற்றவர். நான் பார்த்தேன். பார்த்தும் கிளம்ப முடியவில்லை. மூன்றாவது நிலவறைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டேகால். அந்த வீட்டுக்காரர் தம் சாப்பாட்டை விட்டு எழுந்து வந்து கதவைத் திறந்தார். வந்துவிட்டோமே என்று அங்கேயும் சுவைத்தோம். உணவகத்தின் வாசலை மிதித்தபோது இரண்டேகால்.

கணவன் சமைத்து மனைவி பரிமாறும் வீடு அது. மொத்தம் இருபது பேர் உட்காரலாம். அந்த அம்மையார் கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்து, சமையலறை மூடிவிட்டது என்றார். குரல் உயரவில்லை. கதவிடுக்கில் எங்களுக்காகப் போட்டிருந்த ஒன்பது தட்டுகளும் மடித்து வைத்த துணிகளும் தெரிந்தன. முந்தின நாளே ஒயினில் ஊற வைத்து, காலை முழுவதும் சிறு தீயில் வேகவைத்த மாட்டிறைச்சி உள்ளே இருந்தது. எங்களுக்கு இடம் வைத்ததால் அன்று ஆறு பேரைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒன்பது பேருக்கான முழுத் தொகையையும் கொடுத்தேன். அது சிறிய நட்டம். திங்கட்கிழமை என்பதால் சுற்றுவட்டாரத்தில் ரொட்டிக் கடைகூடத் திறந்திருக்கவில்லை. பெட்ரோல் பங்கில் வாங்கிய பிஸ்கெட்டைத் தின்றுவிட்டுப் பயணிகள் வேனில் தூங்கினார்கள். அவர்களில் ஓய்வுபெற்ற சமையல்காரர் ஒருவர் இருந்தார். சிவப்பு ஒயின் குழம்பில் வேகவைக்கும் முட்டையை அதன் சொந்த ஊரில் சாப்பிட வேண்டும் என்பதற்காகவே அவ்வளவு தூரம் வந்திருந்தார். அது அன்றைய உணவில் முதல் தட்டு. மறுநாள் காலை ரயிலில் அவர் கிளம்பிவிட்டார்.

பிரெஞ்சு நாட்டுப்புறத்தில் மதியச் சாப்பாடு பன்னிரண்டு மணிக்குத் தொடங்குகிறது. ஒன்றரைக்கு மேல் புதிதாக வருபவருக்குப் பல சமையலறைகள் அடுப்பு மூட்டுவதில்லை. இதைப் பிடிவாதம் என்று புதியவர்கள் குறை சொல்கிறார்கள். அது பிடிவாதம் அல்ல. இரண்டே பேர் நடத்தும் வீடு. முன்பதிவை எண்ணித்தான் காலையில் பொருள் வாங்குகிறார்கள். இரவுக்கு மறுபடி அடுப்படியில் நிற்பதற்கு முன் அவர்களுக்குக் கிடைக்கும் ஓய்வு அந்தப் பிற்பகல் மட்டும்தான். ஒயின் செய்பவருக்கும் அதே நேரம்தான் சாப்பாடு. பதினொன்றரைக்கு நிலவறையில் நேரம் கேட்பது அவருடைய சோற்றில் கைவைப்பதற்குச் சமம். பந்திக்கு முந்து என்று நம்மிடம் ஒரு சொல் உண்டு. இந்த ஊரில் அதை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடியுங்கள்.

நேரம் போகட்டும். உணவும் ஒயினும் சேர்ந்த பயணம் என்று சொல்லி அழைத்து வந்துவிட்டு உணவை ஒயினிலிருந்து பிரித்துவிடுகிறோமே, அதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது. ஒரு நிலவறையில் ஆறு முதல் எட்டு ஒயின்கள் ஊற்றுவார்கள். மூன்று நிலவறை என்றால் பதினெட்டு முதல் இருபத்துநான்கு. வெறும் வயிற்றில், துவர்ப்பும் புளிப்பும் ஏறிய நாக்கு பத்துக்கு மேல் எதையும் பிரித்தறியாது. இளம் பொமார் ஒயின் நிலவறையில் ஈறைக் கவ்விப் பிடிக்கும். முரடு என்று முகம் சுளிப்பார்கள். அதே ஒயினை ஒரு மணி நேரம் கழித்து அந்த மாட்டிறைச்சிக் குழம்போடு கொடுங்கள். இறைச்சியின் புரதம் துவர்ப்பைப் பற்றிக்கொள்ள, பழச்சுவை மேலே வரும். பயணிகள் புட்டியைத் திருப்பிப் பெயரைப் படித்துப் பார்ப்பார்கள். எத்தனை நிலவறை காட்டினாலும் அந்த ஒரு கணத்துக்கு ஈடாகாது.

என் திட்டம் இப்போது இதுதான். பத்து மணிக்கு ஒரே ஒரு நிலவறை. பதினொன்றே முக்காலுக்கு வெளியே. பன்னிரண்டேகாலுக்குள் மேசையில். இரண்டரை வரை யாரையும் அவசரப்படுத்துவதில்லை. பாலாடைக்கட்டிக்குப் பிறகுதான் இனிப்பு, இனிப்புக்குப் பிறகுதான் காபி, எல்லாம் அதனதன் நேரத்தில் வரும். மூன்றரைக்கு இரண்டாவது நிலவறை. அதோடு முடிந்தது. பூஞ்சை படர்ந்த புட்டி வந்தால், இரண்டாவதைத் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டுத் தள்ளிவைக்கலாம். சாப்பாட்டை மட்டும் தள்ளிவைக்க முடியாது.

அந்த அம்மையார் இரண்டு ஆண்டுகள் எனக்கு இடம் தரவில்லை. மூன்றாம் ஆண்டு, குழு இல்லாமல் தனியாக, பன்னிரண்டு மணிக்கே போய்ச் சாப்பிட்டேன். நான்கு முறை அப்படிப் போன பிறகுதான் எட்டுப் பேருக்கு இடம் கேட்டேன். முதலில் நேரத்தைச் சொல்லுங்கள் என்றார்.

வாசனைத் திரவியம்

ஒரு துளிகூட வேண்டாம். ஒருவர் பூசினால் ஒன்பது பேருக்கும் ஒயினின் மணம் போய்விடும்.

ஊற்றும் வரிசையைத் திருத்துவது

வெள்ளை முதலில், சிவப்பு பிறகு என்று படித்துவிட்டு வந்து, விவசாயி சிவப்பை முதலில் ஊற்றும்போது, தவறு செய்கிறார் என்று பயணிகளின் காதில் கிசுகிசுக்கும் வழிகாட்டிகளைப் பார்த்திருக்கிறேன். பர்கண்டியில் பல நிலவறைகளில் சிவப்புதான் முதலில். மென்மையான பினோ நுவாரின் முன்னால் கனத்த வெள்ளையை வைத்தால் சிவப்பு எடுபடாது. சிவப்புக்குப் பின் வரும் வெள்ளையின் புளிப்போ நாக்கைக் கழுவித் துலக்கிவிடும். அது அவருடைய வீடு, அவருடைய ஒயின். அவர் ஊற்றும் வரிசையில் குடியுங்கள். ஏன் என்று கேட்டால் நீங்களே சொல்வதைவிட நல்ல விளக்கம் கிடைக்கும்.

துப்பக் கூச்சப்படுவது

வழிகாட்டி முதலில் துப்ப வேண்டும், எல்லோரும் பார்க்கும்படி. நம் பயணிகளில் பலருக்கு, பெரியவர் ஒருவர் கையால் ஊற்றிக் கொடுத்ததைத் துப்புவது அவமரியாதை என்ற எண்ணம் இருக்கிறது. நீங்கள் துப்பினால்தான் அவர்களுக்குக் கூச்சம் தெளியும். நிலவறையில் அதற்கென்றே கலம் வைத்திருப்பார்கள். அந்த விவசாயியும் துப்பிக்கொண்டுதான் இருப்பார்.

நிலவறையில் குளிர்

கோடையிலும் பன்னிரண்டு டிகிரி. ஸ்வெட்டர்.

சைவம் என்ற ஒரு சொல்லோடு நிறுத்துவது

குழுவில் சைவ உணவு உண்பவர் இருந்தால் ஒரு வாரம் முன்பே சமையலறையிடம் பேசுங்கள். இங்கே அந்த ஒரு சொல் போதாது. பச்சைக் காய்கறிக் கலவையில் பன்றி இறைச்சித் துண்டுகள் விழும். ஒயின் குழம்பு முட்டையிலும் அதுவே கிடக்கும். சூப்பின் அடிநீர் எலும்பில் காய்ச்சியது. மீன் ஆகுமா என்று திருப்பிக் கேட்பார்கள். இறைச்சி, மீன், எலும்புச் சாறு, பன்றிக் கொழுப்பு என ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வேண்டாம் என்று சொல்லுங்கள். எப்வாஸ், கோந்தே போன்ற மரபான பாலாடைக்கட்டிகள் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருளால் தோய்க்கப்படுபவை என்பதையும் பயணியிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். உண்பதும் விடுவதும் அவர் முடிவு. தின்ற பிறகு தெரிந்துகொண்டு ஒரு மூதாட்டி கண்கலங்கியதைப் பார்த்தவன் நான். அது முழுக்க என் பிழை.

முன்கூட்டியே சொன்னால் நாட்டுப்புறச் சமையல்காரர்கள் மனமுவந்து செய்கிறார்கள். வசந்த காலத்தில் மொரேல் காளானை க்ரீமில் வதக்கி, பக்கத்தில் ஒரு கிண்ணம் உருளைக்கிழங்கு வைத்தால், இறைச்சி உண்பவர்களும் அந்தத் தட்டைத்தான் எட்டிப் பார்ப்பார்கள்.

செப்டம்பர்

அறுவடை. அவர்களை விட்டுவிடுங்கள்.

எண்ணிக்கையைக் கடைசி நாளில் மாற்றுவது

எட்டு ஆறானால் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பணம் கொடுங்கள். பேரம் வேண்டாம்.

வாங்காமல் கிளம்புவது

சிறு விவசாயி ஒன்றரை மணி நேரத்தை நமக்குக் கொடுக்கிறார். அவருடைய புட்டிகளில் பெரும்பகுதி பழைய வாடிக்கையாளர்களுக்கு ஏற்கெனவே பேசி முடிந்திருக்கும். நம் வருகையால் அவருக்குப் பெரிய வருமானம் இல்லை. ஆகவே குழுவில் யாரும் வாங்காவிட்டால் நானே சில புட்டிகள் வாங்கிவிடுவேன். விமானத்தில் இந்தியா திரும்பும் பயணிக்கு இரண்டு லிட்டர் வரைதான் சுங்க வரி இல்லை என்பதை நிலவறைக்குள் போவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். புட்டிகள் பெரிய பெட்டிக்குள்தான் போக வேண்டும், கைப்பையில் விடமாட்டார்கள்.

ஞாயிறு மாலை

ஞாயிறு பிற்பகல் தொடங்கித் திங்கள் முடியும் வரை கிராமங்களில் பெரும்பாலான கடைகளும் சமையலறைகளும் மூடியிருக்கும். அதனால் சனிக்கிழமை காலையிலேயே போன் (Beaune) என்ற நகரின் சந்தைக்குக் குழுவை அழைத்துப் போய்விடுகிறேன். 1443-ல் நிறுவப்பட்ட பழைய மருத்துவமனைக்கு அருகே கூடும் சந்தை அது. பல வண்ண ஓடு வேய்ந்த அந்த மருத்துவமனைக் கூரையை அதன் உள்முற்றத்திலிருந்து பார்க்கலாம். கொத்தமல்லியின் உறவான பார்ஸ்லி இலை போட்டு உறைய வைத்த பன்றி இறைச்சி, ரொட்டி, செர்ரி, இரண்டு மூன்று வகைப் பாலாடைக்கட்டி என்று ஞாயிறு இரவுக்கு வேண்டியதைப் பயணிகளே பட்டியல் போட்டு வாங்கட்டும். எப்வாஸை மட்டும் இறுக்க மூடும் டப்பாவில் வையுங்கள். மதுவால் கழுவிக் கழுவி முதிர வைத்த கட்டி அது. ஒன்பது பேர் உட்காரும் வேனில் அதன் மணம் டிஜோன் வரை கூடவே வரும்.